மோல்மேன் மர வீடு: பழைய பலகைச் சுவரைக் கழற்றாமல் மேலே கலர் தகரம் அடிக்கலாமா?

மோல்மேன்வாசி எழுதியது:

வணக்கம். மியான்மரின் மோல்மேனில் மாடி வைத்த மர வீடு. வெளிச்சுவர் முழுக்கக் கிடைப்பலகை, மேல் பலகையின் அடி கீழ்ப் பலகையின் தலையில் ஏறி உட்கார்ந்திருக்கும் பழைய பாணி. பலகை தேக்கு, உள்ளே நிற்கும் கட்டைகள் பிங்கடோ என்ற கடின மரம், 2 அடிக்கு ஒன்று. வருஷா வருஷம் கறுப்பு எண்ணெய் அடித்து வந்த சுவர். மேற்குப் பக்கம்தான் பிரச்சினை: சாரல் நேராக அறைகிறது, ஜன்னலுக்குக் கீழே சில பலகைகள் மெத்தென்று ஆகிவிட்டன.

அந்தச் சுவர் 30 அடி நீளம், 18 அடி உயரம். 4க்கு 4 ஜன்னல் இரண்டு. பலகையைப் பிடுங்கினால் வீட்டின் உள்பக்கமே திறந்துவிடும், அதனால் மேலேயே கலர் தகரம் அடித்துவிடலாம் என்று யோசனை. மேஸ்திரி பலகை மேல் நேராக வைத்துக் குடை ஆணி அடித்தால் இரண்டு நாள் வேலை என்கிறார். ரீப்பர் (தகரத்துக்கு அடியில் அடிக்கும் மரச்சட்டம்) எல்லாம் வீண் செலவாம். சரியா? தகரம், மரம், ஸ்குரூ எவ்வளவு வாங்க வேண்டும்?

---

இழைப்புளி எழுதியது:

பழைய பலகை மேல் அடிக்கலாம், தவறில்லை. நேராக அடிப்பதுதான் தவறு.

ஏறுபலகைச் சுவர் சமதளம் கிடையாது, படிக்கட்டு மாதிரி. தகரம் ஒவ்வொரு பலகையின் விளிம்பிலும் மட்டும் தொடும், நடுவில் பொள்ளல். குடை ஆணியை இறுக்கிய இடத்தில் குழியும், பக்கத்தில் உப்பும். அழகு போனால் போகட்டும், தண்ணீர் போகாது. ஆணி ஓட்டையிலும் ஜன்னல் ஓரத்திலும் கொஞ்சமாவது நீர் நுழையத்தான் செய்யும். மோல்மேனில் ஆண்டு மழை 4,800 மில்லிமீட்டரைச் சுற்றி, அதில் பெரும்பங்கு ஐந்து மாதத்துக்குள். நுழைந்த நீர் தகரத்துக்கும் பலகைக்கும் நடுவே வெயிலும் காற்றும் இல்லாமல் நின்றால் இரண்டும் கெடும். தகரத்தின் பின்முதுகில் பெயிண்ட் மெல்லிசு. ஈரம் ஒட்டியே கிடந்தால் முதலில் கறுத்து, பிறகு துரு. பலகை இற்றுப்போவது வெளியே தெரியவே தெரியாது. ஆணி காற்றில் தகரம் படபடக்கப் படபடக்கத் தளர்ந்து வெளியே வரும். ஸ்குரூ அப்படி வராது.

அதனால் இரண்டு அடுக்கு ரீப்பர். முதல் அடுக்கு செங்குத்து: 2க்கு 1 அங்குலம், ஒவ்வொரு நிறுத்துக்கட்டைக்கு மேலேயும் ஒன்று. கட்டை எங்கே என்று தேட வேண்டாம், பலகையில் ஆணித் தலைகள் வரிசையாக மேலிருந்து கீழ் ஓடும் இடம்தான் கட்டை. இரண்டாம் அடுக்கு கிடை: 2க்கு 1½, இதன் மேல்தான் தகரம். கிடை ரீப்பரை மட்டும் நேராகப் பலகை மேல் வைத்தால் ஒவ்வொன்றும் ஒரு சின்ன வாய்க்கால் மாதிரி தண்ணீரைத் தேக்கும், காற்றையும் மறிக்கும். செங்குத்து அடுக்கு கொடுக்கும் அந்த 1 அங்குல இடைவெளிதான் சுவரின் மூச்சு.

உங்கள் அளவுக்குக் கணக்கு: செங்குத்து 16 வரிசை, 18 அடி வீதம் 288 அடி. கிடை 9 வரிசை (2 அடி 3 அங்குலத்துக்கு ஒன்று), 30 அடி வீதம் 270 அடி. ஜன்னல்களைச் சுற்றி 32 அடி. கன அளவில் பத்தே கால் கன அடி வரும், சேதாரம் சேர்த்து பதினொன்றரை. மரக்கடையில் டன் என்றால் 50 கன அடி என்பது உங்களுக்குத் தெரியும். கால் டன் கேட்டால் மிஞ்சும். பிங்கடோ வாங்குங்கள். மலிவாகக் கிடைக்கிறதென்று மருந்து ஏற்றாத கன்யின் மரம் வாங்கி உள்ளே மறைத்தால், தகரம் நன்றாக இருக்கும்போதே ரீப்பர் உளுத்துவிடும்.

பிங்கடோவில் துளை போடாமல் ஸ்குரூ ஏற்றாதீர்கள். பாதி வழியில் கழுத்து முறியும், முறிந்ததை எடுக்கவும் முடியாது. 5.5 மில்லிமீட்டர் ஸ்குரூவுக்கு 4 மில்லிமீட்டர் துளை. செங்குத்து ரீப்பரை நிற்க வைக்க 3½ அங்குல ஸ்குரூ 3 அடிக்கு ஒன்று போதும், 120 வாங்குங்கள். உண்மையில் சுமை தாங்குவது கிடை ரீப்பர் குறுக்கிடும் இடங்களில் போகும் 5 அங்குல ஸ்குரூ: கிடை, செங்குத்து, பலகை மூன்றையும் தாண்டி நிறுத்துக்கட்டைக்குள் குறைந்தது 1¼ அங்குலம் கடிக்க வேண்டும். 16க்கு 9, 144 இடம். பலகை இரட்டிப்பாகும் ஏற்றத்தில் கடி குறையும், அந்த இடத்தைத் தவிர்த்து ரீப்பரை ஓர் அங்குலம் மேலே கீழே நகர்த்திக்கொள்ளலாம்.

சுவர் நேராக இருக்காது. வெறும் ரசமட்டம் வைத்தால் ஏமாந்துவிடுவோம். ஒரே கனத்தில் மூன்று கட்டைத் துண்டு அறுத்துக்கொள்ளுங்கள். சுவரின் இரு முனை ரீப்பரிலும் ஒவ்வொரு துண்டை வைத்து அதன் மேல் நூலை இழுத்துக் கட்டுங்கள். மூன்றாவது துண்டை நடு ரீப்பர் ஒவ்வொன்றிலும் நூலுக்கு அடியில் செருகிப் பாருங்கள். நூல் மேலே தூக்கினால் அந்த ரீப்பரின் பின்புறத்தைச் சீவ வேண்டும், இடைவெளி தெரிந்தால் பின்னால் சக்கை (மெல்லிய மரத்துண்டு) கொடுக்க வேண்டும். இதில் அரை நாள் போகும். இதை விட்டால் தகரத்தின் அலை வெயில் சாயும்போது தெருவுக்கே தெரியும்.

முதல் வேலை இது எதுவுமில்லை. மெத்தென்ற பலகையை மாற்றுங்கள். ஸ்குரூ டிரைவரைக் கையால் அழுத்தினால் கால் அங்குலம் இறங்குகிற பலகை போய்விட்டது என்று அர்த்தம். ஜன்னல் அடி, தரையிலிருந்து முதல் 2 அடி, தூணின் பாதம், இந்த மூன்றையும் குத்திப் பார்க்காமல் மூடாதீர்கள். தகரமும் மரமும் சேர்ந்து 500 கிலோவுக்குப் பக்கம் அந்தச் சுவரில் தொங்கப்போகிறது.

---

தகரக்கொட்டகை எழுதியது:

இழைப்புளி அண்ணன் சொன்னதில் ஒன்றுக்கு மாற்று. செங்குத்து ரீப்பர் மட்டும் அடித்து, தகரத்தைக் கிடையாகப் படுக்க வைத்தால் ஓர் அடுக்கு மரமும் 144 நீள ஸ்குரூவும் மிச்சம். காற்று இடைவெளி அப்படியே கிடைக்கும். கீழிருந்து தொடங்கி மேல் ஷீட் கீழ் ஷீட் மேல் ஏறும்படி வைத்தால் ஒழுகாது.

தகரம் வாங்கும்போது கேஜ் நம்பர் பேசாதீர்கள். ஒரே "30 நம்பர்" கடைக்குக் கடை வேறு கனம். மைக்ரோமீட்டர் கையில் எடுத்துப் போங்கள். 0.42 மில்லிமீட்டர் ஷீட் என்றால் அதில் அலுமினியம்-சிங்க் பூச்சு இரு பக்கமும் சேர்த்து 0.04, பெயிண்ட் ஏறக்குறைய 0.03, மிச்சம் 0.35தான் இரும்பு. இது சதுர மீட்டருக்கு 150 கிராம் பூச்சு இருந்தால். சுவருக்கு இந்தக் கனம் போதும். 0.30க்குக் கீழே போனால் ஏணி சாய்த்தாலே நெளியும்.

அகலம்: கடைக்காரர் 3 அடி என்பது மடிக்கும் முன் இருந்த சுருள். மடித்து, ஓரம் ஒன்றன் மேல் ஒன்று ஏறியபின் மூடுவது பெரும்பாலும் 2½ அடி. உங்கள் 30 அடிக்கு நிறுத்தி வைத்தால் 12 ஷீட். ஜன்னலுக்காகக் கழிக்காதீர்கள், ஒன்று கூடுதலாக வாங்குங்கள்.

வெட்டுவதற்குக் கிரைண்டர் வேண்டவே வேண்டாம். வெட்டு ஓரத்தில் பூச்சு எரிந்துவிடும், பறக்கும் தீப்பொறி பக்கத்து ஷீட்டின் பெயிண்டில் ஒட்டி மறுநாள் பனியிலேயே பழுப்புப் புள்ளியாக நிற்கும். கைக்கத்திரி அல்லது நிப்ளர் (தகரத்தைக் கடித்து வெட்டும் கருவி). துளையிட்ட தூளையும் சாயங்காலமே மெத்தென்ற பிரஷால் கூட்டித் தள்ளிவிடுங்கள். குறி போட பென்சில் கூடாது, கிராஃபைட் பட்ட கோடு அப்படியே அரிக்கும். மார்க்கர் பேனா எடுங்கள். மேலே ஒட்டிவரும் பிளாஸ்டிக் படலத்தை அன்றன்றே உரியுங்கள். வெயிலில் வெந்தால் உரியாது.

---

இழைப்புளி எழுதியது:

கிடையாகப் படுக்க வைப்பதை மழை குறைவான உள்நாட்டில், மண்டலேப் பக்கம் என்றால் நானும் சொல்வேன். மோல்மேனில் வேண்டாம். படுத்த மடிப்பு ஒவ்வொன்றின் மேல் விளிம்பிலும் தூசியும் பாசியும் உட்காரும், மழை கழுவ முடியாது. மேற்குச் சுவரில் ஆறு மாதம் ஈரம். நிற்கும் மடிப்பு தானே கழுவிக்கொள்ளும். ஜன்னல் தலைக்கு மேலேயும் ஷீட்டின் கிடை மடிப்பு, ஜன்னலைச் சுற்றி நீரைத் தள்ளப் போடும் தகர மடிப்போடு சண்டை போடும். மிச்சமாவது 6 கன அடி மரம்தானே.

இன்னொன்று, எந்த முனையிலிருந்து தொடங்குவது. மழைக்காற்று தென்மேற்கிலிருந்து, அதாவது உங்கள் சுவர் நெடுக தெற்கிலிருந்து வடக்காக வீசும். முதல் ஷீட்டை வடக்கு முனையில் நிறுத்துங்கள். அடுத்தது அதன் மேல் ஏற, தெற்கு நோக்கி வாருங்கள். அப்போது ஏறிய ஓரம் ஒவ்வொன்றும் காற்றுக்கு முதுகு காட்டும். மாற்றி வைத்தால் காற்று நேராக வாயில் நுழைந்து சாரலை உள்ளே ஊதும்.

ஸ்குரூ, கூரை மாதிரி முகட்டில் அல்ல, சுவரில் பள்ளத்தில். ரீப்பரோடு தகரம் ஒட்டி நிற்கும் இடம் அதுதான். ரப்பர் வாஷர் வைத்த 2 அங்குல மர முனை ஸ்குரூ. மேல், கீழ் வரிசைகளில் பள்ளத்துக்கு ஒன்று (நாலு), நடு ஏழு வரிசையில் மும்மூன்று: ஷீட்டுக்கு 29, மொத்தம் 348. பக்க ஏற்றத்தில் ரீப்பருக்கு நடுவே தையல் ஸ்குரூ (இரண்டு ஷீட் ஓரங்களைச் சேர்த்துப் பிடிப்பது) 11க்கு 8, 88. சுவரின் இரண்டு மூலையிலும் 3 அடிக்குள் எல்லா வரிசையிலும் பள்ளம் தவறாமல் போடுங்கள், காற்று உறிஞ்சுவது அங்கேதான் அதிகம். 500 வாங்கினால் சரி. இறுக்கும்போது ரப்பர் வாஷர் விளிம்பில் மெல்லிசாகப் பிதுங்கினால் நிறுத்துங்கள். குழிந்துவிட்டால் அந்த வாஷர் அடுத்த வெயிலில் வெடிக்கும்.

---

மோல்மேன்வாசி எழுதியது:

மிக்க நன்றி அண்ணே. இரண்டு சந்தேகம். ஜன்னல் கதவுகள் மரம், வெளிப்பக்கம் திறந்து சுவரோடு ஒட்டி மடங்கும். ரீப்பர் எல்லாம் சேர்ந்தால் சுவர் தடித்துவிடுமே? அப்புறம் பலகைக்கும் ரீப்பருக்கும் நடுவே பிளாஸ்டிக் தார்ப்பாய் விரித்தால் கூடுதல் பாதுகாப்பு என்று மேஸ்திரி சொல்கிறார்.

---

இழைப்புளி எழுதியது:

கேட்டது நல்லதாயிற்று தம்பி. இந்த இடத்தில்தான் பாதி வீடுகள் மாட்டிக்கொள்ளும்.

செங்குத்து ரீப்பர் 1, கிடை ரீப்பர் 1½, ஷீட் முகட்டின் உயரம் 1. மொத்தம் 3½ அங்குலம் சுவர் வெளியே வரும். இப்போதுள்ள கீல் உள்ளே புதைந்த மாதிரி ஆகி, கதவு பாதி திறந்ததும் தகரத்தில் முட்டும். ஜன்னல் நிலையைச் சுற்றி 1 அங்குலத் தேக்குப் பலகையால் ஒரு பெட்டிச் சட்டம் செய்து, தகர முகத்தைவிட அரை அங்குலம் வெளியே வரும்படி நிலையோடு ஸ்குரூ போட்டு நிறுத்துங்கள். கதவையும் கீலையும் பழைய நிலையிலிருந்து கழற்றி இந்தச் சட்டத்தின் வெளிவிளிம்பில் மாட்டுங்கள். சட்டத்தின் அடிப்பலகை வெளிப்பக்கம் சரிந்திருக்க வேண்டும், அடியில் ஓரத்திலிருந்து அரை அங்குலம் தள்ளி ஒரு காடி (பள்ளக் கோடு) போட்டால் சொட்டு அங்கேயே விழும், சுவருக்குத் திரும்பாது. இதை ரீப்பர் அடிக்கும் கட்டத்திலேயே முடித்துவிட வேண்டும், தகரம் ஏறியபின் செய்ய வழியில்லை.

ஜன்னலைச் சுற்றி நீரை வெளியே தள்ளும் தகர மடிப்பு போடும் வரிசை: அடி, பிறகு இரு பக்கம், கடைசியாகத் தலை. மேலே உள்ளது எப்போதும் கீழே உள்ளதன் மேல் ஏற வேண்டும். தலை மடிப்புக்கு உங்கள் ஏறுபலகை ஒரு வசதி. ஜன்னலுக்கு மேலே உள்ள பலகையின் அடி ஆணிகளை லேசாகத் தளர்த்தி, மடிப்பின் நிமிர்ந்த காதை அந்தப் பலகைக்கு அடியில் 2 அங்குலம் செருகுங்கள். பலகையில் வழியும் நீர் தானாக மடிப்பின் மேல் இறங்கி வெளியே போகும். தலை மடிப்பு இரு பக்கமும் 1 அங்குலம் நீண்டு, அதன் முனை மேல்நோக்கி மடங்கியிருக்க வேண்டும். அந்தச் சின்ன மடிப்பு இல்லையென்றால் சேர்ந்த தண்ணீர் முழுவதும் ஓரம் வழியாக ரீப்பருக்குள்தான் ஊற்றும்.

ஓரத்துக்குச் சிலிகான் பூசுவதாக இருந்தால், வினிகர் வாடை அடிக்கும் மலிவுக் குழாய் வேண்டாம், அந்த அமிலம் சிங்க் பூச்சைத் தின்னும். நியூட்ரல் என்று போட்டிருப்பதைக் கேளுங்கள். எதுவாயினும் சிலிகானை நம்பி மடிப்பைக் குறைக்காதீர்கள்.

தார்ப்பாய் வேண்டாம். பலகை உள்ளே வைத்திருக்கும் ஈரம் வெளியேற வழியில்லாமல் அடைபடும். நீரைத் தடுத்து ஆவியை விடும் துணி போன்ற தாள் கிடைத்தால், கீழிருந்து மேலாக 6 அங்குலம் ஏற்றி ஸ்டேப்பிள் அடியுங்கள். ஒட்டும் டேப்பும் தார்த் தாளும் கறுப்பு எண்ணெய் ஊறிய பலகையில் உதவாது. டேப் உரியும், தார் இளகும். தாள் கிடைக்கவில்லையா, ஒன்றும் போட வேண்டாம். ஒழுங்கான இடைவெளி இருந்தால் சுவர் காய்ந்துவிடும். இந்த வருஷம் எண்ணெய் அடிக்கவும் வேண்டாம், புது எண்ணெய் வாஷர் ரப்பரில் பட்டால் அது ஊதிப்போகும்.

---

மின்கம்பி_பெகு எழுதியது:

மர வேலை பேசுகிறவர்கள் மறந்துவிடுவது: அது இனி உலோகச் சுவர். தெருக்கம்பியிலிருந்து வரும் சர்வீஸ் வயர், மீட்டர் பெட்டி, வெளி விளக்கு, ஏசி வயர் எதுவும் தகரத்துக்குப் பின்னால் சிக்கக் கூடாது. ஒரு ஸ்குரூ வயரைக் கடித்தால் 540 சதுர அடி சுவரும் கரண்ட் ஆகும், மழையில் நனைந்து நிற்பவர் தொட்டால் அவ்வளவுதான். வேலை தொடங்கும் முன் லைனை நிறுத்தி, கிளாம்ப்பை எல்லாம் கழற்றிப் புது முகத்துக்கு மாற்றுங்கள். வயர் தகரத்தைத் துளைத்துப் போகும் இடத்தில் ரப்பர் வளையம் அல்லது குழாய் கட்டாயம். தகரத்தை எர்த் கம்பியோடு இணையுங்கள், போர்டில் கசிவு பிரேக்கர் (கரண்ட் கசிந்தால் லைனை நிறுத்துவது) இல்லையென்றால் இதோடு போட்டுவிடுங்கள். செம்புக் கம்பியை நேராகத் தகரத்தில் முறுக்காதீர்கள், செம்பு தொட்ட இடம் ஓட்டையாகும். வெள்ளீயம் பூசிய லக் (கம்பி முனையில் மாட்டும் வளையம்), ஸ்டெயின்லெஸ் போல்ட். ஏசியின் செம்புக் குழாயில் வழியும் நீரும் தகரத்தில் விழாதபடி குழாய் நீட்டி விடுங்கள்.

---

தகரக்கொட்டகை எழுதியது:

கீழ் முனை பற்றி யாரும் சொல்லவில்லை. தகரம் செங்கல் அடித்தளத்துக்கு அரை அங்குலம் மேலேயே நிற்கட்டும், மண் தரை என்றால் 6 அங்குலம். வேலை முடிந்ததும் கொத்தனார் "இடுக்கு அசிங்கமாக இருக்கிறது" என்று சிமெண்ட் பூசி அடைப்பார். விடாதீர்கள். ஈரச் சிமெண்ட் பூச்சை அரிக்கும், காற்று நுழையும் வாயும் மூடிவிடும். எலி, குளவி வராமலிருக்க ஸ்டெயின்லெஸ் சல்லடையை மடித்து ரீப்பர் முனையில் அடியுங்கள், கண் 6 மில்லிமீட்டருக்கு மேல் வேண்டாம். மேலே இறவாரத்துக்கு அடியிலும் 1 அங்குலம் விட்டு அதே சல்லடை. மேல் வாய் இல்லாமல் கீழ் வாய் மட்டும் இருந்தால் காற்று ஓடாது. அந்த 6 அங்குலம் கரையான் மண்குழாய் ஏறுவதைக் கண்ணால் பார்ப்பதற்கும்தான். பூச்செடித் தொட்டியை அங்கே வைத்து மறைக்காதீர்கள்.

சமையல்கட்டுப் பக்கம் பழைய சிமெண்ட் அலைஷீட் சுவர் இருந்தால் இதே முறையை அங்கே நீட்ட வேண்டாம். கல்நார் கலந்ததாக இருக்கலாம். துளைத்தால் தூள் நுரையீரலுக்குப் போகும்.

நாள் கணக்கும் பார்த்துக்கொள்ளுங்கள். பலகை நன்றாகக் காய்ந்திருப்பது மாசி, பங்குனி. சித்திரைப் பிறப்பும் பர்மியத் தண்ணீர்த் திருவிழாவும் ஒன்றாக வருவதால் ஏப்ரல் நடுவில் ஆள் கிடைக்காது, மே நடுவில் மழை இறங்கிவிடும். பலகை மாற்ற 2 நாள், ரீப்பரும் ஜன்னல் சட்டமும் 4 நாள், தகரம் 2 நாள். 18 அடி ஷீட்டைக் காலைக் காற்று எழும்புவதற்கு முன் மூன்று பேர் ஓரத்தை நிமிர்த்திப் பிடித்துத் தூக்குங்கள். தட்டையாகத் தூக்கினால் நடுவில் மடங்கும், மடங்கிய கோடு கடைசிவரை போகாது. ஷீட் நீளத்தை ஆர்டர் கொடுப்பது ரீப்பர் அடித்து, மேல் கீழ் இடைவெளி கழித்து, மூன்று இடத்தில் அளந்த பிறகு. பழைய வீட்டில் வடக்கு முனையும் தெற்கு முனையும் ஒரே உயரமாக இருக்காது.